நியு, பொப்பொ, ’அஃப: சமோவாவில் தென்னையோடு ஏழு நாள்

முதல் நாள், வியாழன். தலைநகர் ஆப்பியா

ஆக்லாந்தில் என்னோடு வேலை பார்க்கும் தோழி சமோவாக்காரி. மூன்று வருடம் முன்பு ஒரு மதியம், என் டப்பாவில் இருந்த தேங்காய்த் துவையலைப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டில் தேங்காயை எதில் துருவுவீர்கள்?" என்று கேட்டாள். பலகை மேல் உட்கார்ந்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பல்லில் துருவுவோம் என்று கையாலேயே செய்து காட்டினேன். அவள் பாட்டி வீட்டிலும் அதே பலகை, அதே பல், உட்காரும் விதமும் அதேதான். அதற்கு துஆய் என்று பெயர் என்றாள். அன்றிரவு ஒரு நோட்டில் அந்த ஒரு சொல்லை எழுதி வைத்தேன். இந்தப் பயணம் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது நோட்டில் ஒரு பக்கம் முழுக்கத் தமிழ்ச் சொற்கள். குருத்து, பாளை, குரும்பை, இளநீர், நெற்று, பன்னாடை, மட்டை, கீற்று, ஈர்க்கு, நார், கொட்டாங்குச்சி. எதிர்ப்பக்கம் காலி. ஒரு வாரத்தில் அதில் எவ்வளவு நிரம்புமோ நிரம்பட்டும் என்று தோழியோடு கிளம்பிவிட்டேன்.

ஏறக்குறைய நாலு மணி நேரப் பறப்பு. பையை விடுதியில் வைத்துவிட்டு நேராகக் காய்கறிச் சந்தைக்குப் போனோம். ஒரு பக்கம் பச்சைக் காய்கள், குளிரூட்டிப் பெட்டிக்குள்ளும் வெளியிலும். இன்னொரு பக்கம் பழுப்பு நெற்றுகள், தென்னோலையில் முடைந்த கூடைகளில். நெற்றுக் குவியலைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஒரே பொதுச்சொல்லான நியுவைச் சொன்னேன். விற்கிற அம்மா தலையை ஆட்டினார். பச்சைக் காயைத் தொட்டு "நியு" என்றார். பழுப்பைத் தொட்டு "பொப்பொ" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே மனசு நிறைந்துவிட்டது. குடிக்கிற காய் வேறு, துருவுகிற காய் வேறு. நாமும் இளநீரைத் தேங்காய் என்று சொல்ல மாட்டோம். கடையில் போய்த் "தேங்காய் ஒன்று வெட்டிக் கொடுங்கள், குடிக்க வேண்டும்" என்று யாராவது கேட்டால் ஊருக்குப் புதிது என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். அந்த மொழியில் பல வருடமாக வேலை பார்த்துவிட்டு, காயின் வயதை அறிந்து பெயர் சொல்கிற ஒரு மொழியைக் கேட்பது வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

நியு என்பது மரத்துக்கும் பெயர், இளங்காய்க்கும் பெயர். இந்தச் சின்னச் சொல் போய்வந்த தூரத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. சமோவா மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பத்தில் ஓசியானியக் கிளையைச் சேர்ந்தது. ஹவாயிலும் இது நியுதான். மலாயில் ஞியுர், பிலிப்பீன்சில் நியோக். ஆப்பிரிக்கக் கரையோரம் மடகாஸ்கரில்கூடத் தேங்காய்க்கு வுவானியு என்று பெயர். அதன் பின்பாதி இதே சொல். படகில் காயை ஏற்றியவர்கள் சொல்லையும் கூடவே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் புரியாமல் இருந்தது. என்னிடம் "நியு" என்று சொன்ன அதே அம்மா, பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பி "ஙியு" என்றார். தோழி விளக்கினாள். சமோவாவில் ஒரே சொல்லுக்கு இரண்டு வாய் உண்டு. தேவாலயம், வானொலி, பள்ளிக்கூடம், விருந்தாளி என்றால் தகரமும் நகரமும். வீடு, தெரு, நண்பர்கள் என்றால் தகரம் ககரமாகும், நகரம் ஙகரமாகும். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் நான் இரண்டு விதமாக எழுத வேண்டும். தமிழில் ங தனியாக ஒரு சொல்லின் முதலில் வந்து நிற்பது எவ்வளவு அபூர்வம்! இங்கே அந்த எழுத்துக்கு நாள் முழுக்க வேலை இருக்கிறது.

இரண்டாம் நாள், வெள்ளி. படகு

மூலிஃபனுவா துறையிலிருந்து சவாயித் தீவுக்குப் படகு. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காற்று பலமாக இருந்ததால் நான் கண்ணை மூடிக்கொண்டே இருந்துவிட்டேன். அந்தப் பக்கம் இறங்கி, மரப்பலகை இருக்கை போட்ட வண்ணப் பேருந்தில் வடகரைக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. மாலைப் பிரார்த்தனை நேரம். சாலையில் யாரும் நடக்கக் கூடாது. பேருந்து நிறுத்தத்திலேயே காத்திருந்து, சங்கொலி கேட்ட பிறகு வீட்டுக்குப் போனோம். பாட்டி என் கன்னத்தோடு கன்னம் வைத்து மூச்சை இழுத்து வரவேற்றார். நாளைக்குத்தான் வேலை.

மூன்றாம் நாள், சனி. பாட்டியின் முற்றம்

காலையில் நோட்டோடு கிளம்பினேன். வீட்டைச் சுற்றிப் பதினைந்து இருபது தென்னை. ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் கேட்டேன். இது என்ன? நியு. அது? நியு. மேலே? அதுவும் நியுதான். பாட்டிக்கு என் கேள்வியே புரியவில்லை. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார். விழுந்து கிடந்த ஒரு பெரிய ஓலையை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார் என்று பாயைத் தட்டினார்.

"சும்மா நிற்கும் மரத்துக்கு ஒரு பெயர் போதும் மகளே. வேலை செய்தால் பெயர் வரும்" என்றார். தோழி மொழிபெயர்த்தாள்.

நிஜமாகவே வந்தது. நான் பிடித்திருந்தது லௌநியு. லௌ என்றால் இலை. நியுவின் இலை, அதாவது ஓலை. அதன் தடித்த தண்டு லப்பலப்ப, நம் மட்டை. ஓலையின் இரு பக்கத்து இலையையும் சீவி எறிந்தால் கையில் நிற்கிற குச்சி துவாநியு. துவா என்றால் முதுகு. நாம் ஈர்க்கு என்கிறோம். அவர்கள் அதைத் தென்னையின் முதுகு என்கிறார்கள். இலைக்கு நடுவில் விறைப்பாக ஓடும் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தால் முதுகெலும்பு என்று சொல்லத் தோன்றத்தான் செய்கிறது. வீட்டுப் பேச்சில் அதுவே குவாஙியு ஆகிவிடும்.

நூறு நூற்றைம்பது துவாநியுவைச் சேர்த்து அடியில் இறுக்கிக் கட்டினால் சலு. நம் விளக்குமாறு. கட்டு, தட்டிச் சமப்படுத்தும் விதம், புதிதாக இருக்கும்போது நுனி கூராக மண்ணைக் கீறுவது எல்லாம் அப்படியே. பாட்டி தினமும் விடியலில் முற்றம் பெருக்குகிறார். மணலில் அந்தக் கோடுகள் விழுந்த பிறகுதான் யாரும் காலை வைக்கலாம்.

லப்பலப்ப விஷயத்தில் இன்னொரு சந்தோஷம். பழைய சமோவாவில் ஊருக்கு ஊர் நடக்கும் விளையாட்டுச் சண்டைகளில் இளைஞர்கள் தென்னை மட்டையைத்தான் ஆயுதமாகப் பிடிப்பார்கள். அதே வடிவில் கெட்டி மரத்தில் செதுக்கிய போர்க்கதைக்கும் லப்பலப்ப என்றே பெயர் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் தென்னை மட்டையில் கிரிக்கெட் ஆடி, கடையில் வாங்கும் பேட்டுக்கும் மட்டை என்றே பெயர் வைத்தார்கள் இல்லையா? கையில் முதலில் கிடைத்தது அது. பிறகு வந்ததெல்லாம் அதன் பெயரைப் போட்டுக்கொண்டது. பாட்டியிடம் இதைச் சொன்னேன். ஒரு துண்டு மட்டையை எடுத்து, இல்லாத பந்தை அடித்துக் காட்டினார். எழுபது வயதைத் தாண்டிய கை.

பிறகு பொல. மட்டையை நடுவே நீளமாகப் பிளந்து, ஒரு பாதியின் இலைகளைக் குறுக்கும் நெடுக்குமாக முடைந்தால் வரும் தட்டி. சமோவாவின் பழைய வீடான ஃபலேவுக்குச் சுவர் கிடையாது. வட்டமாகவோ நீள்வட்டமாகவோ தூண்கள், மேலே கூரை, அவ்வளவுதான். மழையடித்தால் தூண்களுக்கு நடுவே சுருட்டி வைத்திருக்கும் பொலவை இறக்கிவிடுவார்கள். கூரைக்கு அதிகமும் கரும்போலை. தென்னைக்குத் தட்டி வேலை. நான் முடைந்த பொல ஓரத்தில் பிரிந்து பிரிந்து வந்தது. எங்கள் ஊரில் கீற்று முடையும் பெண்களைச் சின்ன வயதில் மணிக்கணக்காகப் பார்த்தவள் நான், ஆனால் கைவைத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாட்டி பேசாமல் என் விரலைப் பிடித்து, மூன்றாவது இலையை அடியில் விட்டு மேலே எடுக்க வைத்தார். மூன்றாவது இலை. அதுதான் விட்டுப்போயிருந்தது.

மதியம் பக்கத்து வீட்டுப் பையன் மரம் ஏறினான். இரண்டு பாதங்களையும் ஒரு துணி வளையத்தால் பிணைத்துக்கொண்டு, தவளை மாதிரி உந்தி உந்தி. தளை போட்டு ஏறுவது என்று நாம் சொல்வதேதான். அவன் மேலிருந்து சுத்தம் செய்து தள்ளியதில் இரண்டு பொருள் என் நோட்டுக்குக் கிடைத்தன. ஒன்று தௌமெ, பூங்கொத்தை மூடியிருக்கும் பாளை. காய்ந்த தௌமெ படகு போல இருக்கிறது, நன்றாக எரிகிறது. இங்கே அதைச் சீவிக் கள் இறக்கும் வழக்கம் உண்டா என்று ஆசையோடு கேட்டேன். சமோவாவில் இல்லையாம், வடக்கே துவாலுவிலும் கிரிபாத்தியிலும் உண்டு. துவாலுவில் அந்தப் பதநீர் கலெவெ, கிரிபாத்தியில் கரெவெ.

மற்றொன்று, இந்த வாரத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த சொல். மட்டையின் அடியில் மரத்தைச் சுற்றி நெய்த துணி போல இருக்குமே, பன்னாடை. அதற்கு ’அ’அ. முதல் ஒலிக்கு முன்னாலும் நடுவிலும் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். அந்த அடைப்புக்குத்தான் இந்தச் சின்னக் கொம்பு. அதை முதலில் விட்டுவிட்டு அ’அ என்றால் வேர். நான் வேர் வேர் என்று கேட்டுக்கொண்டே இருக்க, பையன் பாவம், மரத்தடியைத் தோண்ட ஆரம்பித்துவிட்டான்.

பக்கத்துத் தீவு நாடான தோங்காவில் பன்னாடைக்குக் கக்க என்று பெயர். தோங்காவின் ககரம் நிற்கும் இடத்திலெல்லாம் சமோவாவில் தொண்டை அடைப்பு நிற்கும். கக்க, ’அ’அ. இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். ஒரு மெய்யெழுத்து உதிர்ந்துபோய் அதன் இடம் மட்டும் மிஞ்சியிருப்பது காதிலேயே கேட்கும்.

நாலாம் நாள், ஞாயிறு. உமு

ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டார்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு உமு, அதாவது கல் அடுப்பு. இங்கே சமைப்பது இளைஞர்களின் வேலை. விறகின் மேல் எரிமலைக் கற்களை அடுக்கிச் சூடாக்குகிறார்கள். ஒருவன் துஆய் மேல் உட்கார்ந்து பொப்பொவைத் துருவுகிறான். துருவல் அடியில் கிண்ணத்தில் விழுகிறது. நான் கேட்டு வாங்கி நாலு மூடி துருவினேன். சின்ன வயதில் பழகிய கை மறக்கவில்லை. ஓட்டுக்குப் பக்கத்தில் போனதும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பழுப்பு விழும். அந்தப் பையன் என் கையைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

துருவலை ஒரு நார்க்கற்றைக்குள் வைத்து முறுக்கிப் பிழிகிறார்கள். தண்ணீர் சேர்ப்பதில்லை. வருவது பெ’எபெ’எ, நம் முதல் பால். கற்றையில் தங்குவது பெனு, சக்கை. அது கோழிக்கும் பன்றிக்கும். பெ’எபெ’எவை வெங்காயமும் உப்பும் சேர்த்து, இளம் சேப்ப இலைகளுக்குள் ஊற்றிப் பொட்டலம் கட்டி உமுவில் வைத்தால் பலுசாமி. இந்தப் பெயரை முதலில் கேட்டபோது எங்கள் தெருவில் யாரோ ஒரு பெரியவர் பெயர் போல இருந்தது. இலை வெந்து கரைந்து, பால் தயிர் மாதிரி இறுகி, புகை வாசத்தோடு இருக்கிறது. நான் மூன்று சாப்பிட்டேன்.

சூடான கல்லை எடுக்க இ’ஒஃபி என்ற இடுக்கி. தென்னை மட்டையை நீளவாக்கில் சீவி வளைத்தது. பரிமாறும் தட்டு ஓலையில் பின்னியது. ஒரு சமையலில் ஒரு மரத்தின் எத்தனை பாகம் என்று எண்ணிப் பார்த்து ஆறோடு நிறுத்திவிட்டேன், பசி.

காலையில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் பார்த்தேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு மரியாதை செய்தார்கள். முதலில் ஒரு பெண் கையில் ஒரே ஒரு இளநீரை ஏந்தி வந்தாள். அதன் கண்ணில் ஒரு துவாநியு குத்தியிருந்தது, அந்தக் குச்சியில் பணத்தாள் சுற்றியிருந்தது. அதற்கு வைலொலொ என்று பெயர். அதன் பின்னால்தான் பாய்களும் உணவும் வந்தன. நேற்று நான் சீவிப் போட்ட அதே ஈர்க்கு, இன்று ஊர் முழுக்கப் பார்க்க மரியாதையைத் தாங்கிக்கொண்டு நின்றது.

ஐந்தாம் நாள், திங்கள். ’அஃப

பாட்டியின் தம்பி ஊர்த் தலைவர்களில் ஒருவர். பக்கத்து ஃபலேயில் மூன்று பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தார். பேச்சு நடக்கிறது, கைகள் தனியாக வேலை செய்கின்றன. தொடையில் நாரை உருட்டி, இழையாக்கி, மூன்று இழையாகப் பின்னுகிறார்கள். யாரும் கையைப் பார்ப்பதில்லை.

நான் தரையில் உட்கார்ந்து, தோழி சொல்லிக்கொடுத்தபடி மரியாதையாகக் கேட்டேன்: இதுதான் அஃபாவா? நாலு பேரும் ஒரே சமயத்தில் கடலைப் பார்த்தார்கள். அஃபா, கடைசி எழுத்தை நீட்டினால், புயல். நார்ப்பின்னல் என்றால் ’அஃப: முன்னால் தொண்டை அடைப்பு, பின்னால் குறில். நான் இரண்டையும் தவறாகச் சொல்லியிருக்கிறேன். புயல்கள் அடித்துப் போட்ட கரை இது. அந்தச் சொல்லுக்குத் தலை திரும்பாமல் என்ன செய்யும்? மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டு, தூணையும் உத்தரத்தையும் சேர்த்துக் கட்டியிருந்த இடத்தைக் காட்டினார். "அஃபா வரும்போது வீட்டைப் பிடித்துக்கொள்வது ’அஃப" என்றார். இனி இந்த இரண்டும் எனக்குக் குழம்பாது.

பழைய முறை ஃபலேயில் ஆணியே கிடையாது. ஒவ்வொரு மூட்டும் ’அஃபவால் கட்டியது. ஒரு சாதாரண ஃபலேவுக்கே 30,000 முதல் 50,000 அடி வரை தேவைப்படும் என்று கணக்கு. அதாவது 9 முதல் 15 கிலோமீட்டர், எல்லாம் தொடையில் உருட்டியது. வீடு கட்டும் ஆசாரிகள் தனிக் குழுவாக இருந்தார்கள். கட்டின் வடிவம் பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும். தெ ரங்கி ஹிரோஆ என்ற நியூசிலாந்து மாவோரி மருத்துவர் 1920-களில் இங்கே வந்து, கயிறு எந்த மூட்டில் எப்படிச் சுற்றிப் போகிறது என்று ஒவ்வொன்றாக வரைந்து 1930-ல் வெளியிட்டார். பெரியவர் மேலே காட்டிய கட்டில் வைரம் வைரமாக ஒரு கோலம் இருந்தது.

இதற்கென்றே ஒரு தென்னை ரகம் உண்டு, நியு ’அஃப. காய் ரொம்ப நீளம். காய் நீளமானால் மட்டையில் இருக்கும் நாரும் நீளம், இணைப்பு குறையும். உரித்த நார்மட்டைக்குப் பெயர் புலு. அதைத் தண்ணீரில் நாலைந்து வாரம், சில சமயம் மாதக்கணக்கிலும் ஊற வைத்து, மரக்கட்டை மேல் வைத்து அடித்து, சோற்றை உதிர்த்து, வெயிலில் காய வைத்து எடுக்கிறார்கள். ஊற வைத்து அடிக்கும் வரை நம் தேங்காய் நார் வேலையேதான். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. நாம் திரிக்கிறோம், அவர்கள் பின்னுகிறார்கள்.

எனக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. பெரியவருக்குத் தெரிந்தது. வாசலில் கிடந்த ஒரு திரித்த கயிற்றை எடுத்து நுனியை வெட்டினார். புரிகள் விட்டுப் பிரிந்தன. ’அஃபவை வெட்டினார், அப்படியே நின்றது. திரித்தது உருண்டையாக இருக்கும், பின்னியது தட்டையாக இருக்கும். தட்டையாக இருப்பதால் தூணில் சுற்றும்போது ஒன்றின் மேல் ஒன்று படிந்து கடிக்கும், நழுவாது. என் நோட்டில் ’அஃபவுக்கு எதிரே கயிறு என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு, மூன்றிழை நார்ப்பின்னல் என்று எழுதினேன். இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் எனக்குத் தெரியவில்லை, அந்தப் பொருளை நாம் செய்யாததுதான் காரணமாக இருக்க வேண்டும். தோங்காவில் இது கஃப, ஹவாயில் ’அஹ.

சபையில் பேச எழும் பேச்சாளர் தோளில் ஒரு நார்க்குஞ்சம் போட்டிருப்பார், பெயர் ஃபுஎ. பார்க்க ஈ ஓட்டும் குஞ்சம், ஆனால் பேசும் உரிமையின் அடையாளம். அதுவும் இதே நார்.

இப்போது புது வீடெல்லாம் சிமெண்டு, தகரம், ஆணி. படகுக்கு நைலான். அப்புறம் எதற்கு நாலு பேரும் தினமும் பின்னுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "எ பல மா’அ, அஎ லே பல உபு" என்றார். கல் மக்கும், சொல் மக்காது. ஊரெல்லாம் சொல்லும் பழமொழியாம். நான் எழுதி முடித்ததும், "ஆனால் ’அஃப மக்கும். அதனால்தான் பின்னிக்கொண்டே இருக்கிறோம்" என்று சேர்த்துக்கொண்டார். அதையும் எழுதிக்கொண்டேன், எனக்கு அந்தப் பின்பாதிதான் அதிகம் பிடித்தது.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நானும் ஒரு முழம் பின்னினேன். தொடை எரிகிறது.

ஆறாம் நாள், செவ்வாய். கண்ணும் வாயும்

வடகரையோரம் மேற்கே போனோம். முதலில் 1905 முதல் 1911 வரை வெடித்த மத்தவனு எரிமலையின் கருங்கல் வயல். அதைத் தாண்டி மத்தௌத்து. ஜார்ஜ் பிராட் என்ற லண்டன் மிஷன் போதகர் பல்லாண்டு இருந்த இடம். 1862-ல் சமோவாவிலேயே அச்சான அவருடைய அகராதிதான் இந்த மொழிக்கு முதல் பெரிய அகராதி. என் நோட்டில் இருக்கும் பல சொற்களை அவர் அப்போதே கேட்டு எழுதிவிட்டார். அவரும் யாராவது ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதியிருக்க வேண்டும்.

அங்கிருந்து மாத்தவாய். ஊருக்கு நடுவே நன்னீர்க் குளம், பெயர் மாத்தா ஓ லே அலெலொ. சீனா என்ற பெண்ணுக்கும் ஒரு விலாங்குக்கும் நடந்த கதை இங்கேதான் என்கிறார்கள். அவள் வளர்த்த விலாங்கு பெரிதாகி, அவள் மேல் ஆசை கொண்டு, போகுமிடமெல்லாம் தொடர்ந்து வருகிறது. கடைசியில் சாகப்போகும்போது, என் தலையை வெட்டிப் புதைத்து வை என்று கேட்கிறது. புதைத்த இடத்தில் முளைத்ததுதான் முதல் தென்னை. உரித்த பொப்பொவின் மூன்று குழிகளைப் பாருங்கள், இரண்டு கண், ஒரு வாய். மென்மையாக இருக்கும் அந்த ஒரு குழியைக் குத்தித்தானே குடிக்கிறோம். ஆகவே ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் சீனா விலாங்குக்கு முத்தம் தருகிறாள்.

நாமும் அதைத் தேங்காய்க் கண் என்றே சொல்கிறோம். இங்கேயும் மாத்தா, கண். காயில் முகத்தைப் பார்க்க யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை போலிருக்கிறது. குளத்தருகே இருந்த சிறுமி எனக்கு இபுவில் தண்ணீர் கொடுத்தாள். இபு என்பது தேய்த்து மெருகேற்றிய கொட்டாங்குச்சி. விருந்துகளில் கவா வேரைக் கரைத்த பானம் தருவதும் இந்த வகைக் கிண்ணத்தில்தான்.

தீவைச் சுற்றித் திரும்பும் வழியில் தெற்கே தாகாவின் பாறைத் துளைகள். அலை உள்ளே போய் ஆள் உயரத்துக்குப் பலமடங்கு மேலே பீறிடுகிறது. ஊர்க்காரர் ஒருவர் சரியான நேரம் பார்த்து ஒரு காயைப் போட்டார், அது வானத்துக்குப் போனது. நல்ல வேடிக்கை. நீண்ட நாள், தூக்கம் வருகிறது.

ஏழாம் நாள், புதன். மூலிஃபனுவா

பாட்டியிடம் விடைபெற்றுப் படகில் திரும்பினேன். தோழி இன்னும் இரண்டு வாரம் இருப்பாள். விமானம் இரவில்தான், ஆகவே துறைக்கு அருகே தோப்புச் சாலையில் நடந்தேன்.

ஜெர்மானியர்கள் இங்கே பெரிய தோட்டங்கள் போட்டதற்கு முக்கியக் காரணம் கொப்பரை. உலகச் சந்தை முழுக்கப் புழங்கிய கோப்ரா என்ற அந்த ஆங்கிலச் சொல் நம் பக்கத்துச் சொல், தமிழும் மலையாளமும் சொல்லும் அதே கொப்பரை. 1900-ல் ஜெர்மன் ஆளுநர் சோல்ஃப், நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு சமோவரும் ஆண்டுக்கு 50 தென்னை நட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் நடந்த வரிசைகளில் மரங்கள் அளந்து வைத்தது போல நின்றன. பாட்டி வீட்டு மரங்கள் அப்படி நிற்கவில்லை.

நம் கடலிலிருந்து சொல் மட்டும் வரவில்லை. 1909-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் நாற்றுகளோடு காண்டாமிருக வண்டும் வந்து இறங்கியது. அது குருத்தைத் துளைத்து உள்ளே போய்த் தின்னும். அந்தக் குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டினாற்போல முக்கோண வெட்டுகளோடு வரும். ஊர் ஊராக மக்களை வண்டு பொறுக்க அனுப்பியும் அடங்கவில்லை. 1963-ல் மலேயாவில் ஹூகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்த வண்டைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டார். 1967-ல் அதை இங்கே பரப்பிய பிறகுதான் சேதம் குறைந்தது. இன்று தலை நிமிர்த்திப் பார்த்த மரங்களில் இரண்டில் அந்த முக்கோண வெட்டு இருந்தது. வெட்டுப்பட்ட ஓலையில் பொல முடைய முடியாது. துவாநியுவும் பாதியில் முறிந்திருக்கும். ஒரு வாரம் முன்பு இதைப் பார்த்திருந்தால் மரத்துக்கு நோய் என்று மட்டும் நினைத்திருப்பேன்.

சாலையோரம் முளைவிட்ட நெற்று ஒன்று கிடந்தது. தோப்புக்காரர் கேட்காமலேயே உடைத்து, உள்ளே உருண்டிருந்த வெள்ளைப் பஞ்சை எடுத்துத் தந்தார். உத்தொ என்றார். தேங்காய்ப்பூ! சின்ன வயதில் எனக்கும் தம்பிக்கும் இதற்குத்தான் சண்டை வரும். நின்றபடியே முழுதும் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினேன். குருத்துக்கும் குரும்பைக்கும் இடம் இன்னும் காலி.

விமான நிலையத்தில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது தோழி கூப்பிட்டாள். பாட்டி இன்று காலை முற்றம் பெருக்கும்போது நான் சொல்லிக்கொடுத்த ஈர்க்கைச் சொல்லிப் பார்த்தாராம். இவர்கள் மொழியில் ரகரம் கிடையாது, ஆகவே ஈலுக்கு. அது நினைவிருக்கிறது, ’அ’அவுக்கு நீ சொன்னதுதான் மறந்துவிட்டது, உடனே கேள் என்று தொல்லையாம். போனைப் பாட்டியிடம் கொடுக்கச் சொன்னேன். பன், னா, டை என்று மூன்றாகப் பிரித்து மெதுவாகச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார், விமானத்துக்கு அழைக்கிறார்கள்.